மொட்டைவிரலுக்கு மறுப்புச் சொல்ல வந்தவர்

கல்லுப்பொட்டலுக்கு வந்து இறங்குகிற எவரும் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு முஷ்டியைப் பார்த்துவிடுவார்கள், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கட்டைவிரலைச் செருகி, நுனியை மட்டும் வெளியே நீட்டி, எதிராளியின் மூக்குக்கு நேரே இரண்டு ஆட்டு ஆட்டுவது, இதற்கு மொட்டைவிரல் காட்டுவது என்று பெயர், நிற்காமல் போன பஸ்ஸுக்குக் காட்டுவோம், எடையில் கையை வைத்த கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் காட்டுவோம், பங்காளிக்கு அவன் வீட்டு வாசலில் நின்றே காட்டுவோம், அதில் அடிதடியாகி போலீஸ் வந்தால் ஜீப் போன திசைக்கும் ஒன்று காட்டி வைப்போம். அர்த்தம் என்ன என்று பெண்கள் இருக்கிற இடத்தில் கேட்கக்கூடாது, பெண்களும் காட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு ஒரு கதை உண்டு, கதையில்லாமல் வெறுங்கையால் ஒருவனை வைவது எங்கள் ஊருக்குக் கௌரவக் குறைச்சல். முன்னொரு காலத்தில் இங்கே பெரிய கோட்டை இருந்ததாம், வில்லெடுத்தால் குறி தப்பாத வீரர்கள் இருந்தார்களாம், வடக்கேயிருந்து படையோடு வந்த ராஜா வெளியே கிடந்து காய்ந்து கருவாடானானாம், கடைசியில் கோட்டைக் கதவுக்குக் காவல் இருந்த சடையன் என்பவன் ஆசை வார்த்தைக்கு மயங்கிக் கதவைத் திறந்துவிட்டானாம், உள்ளே புகுந்த ராஜா வில்வீரர்களை வரிசையில் நிறுத்திக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டே வந்தானாம், வரிசையின் வாலில் நின்ற சிலர் விரலை முஷ்டிக்குள் செருகி, எங்களுக்கு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்று தப்பித்து, மலைமேல் ஏறி நின்று, இந்தா பார் இருக்கிறது என்று நுனியை ஆட்டினார்களாம், அதைப் பார்த்த ராஜா வெட்கத்திலேயே செத்தானாம். அன்றிலிருந்து எதிரிக்கெல்லாம் மொட்டைவிரல், எதிரிகளுக்கெல்லாம் முந்தி சடையன் வம்சமான கதவுக்காரர்களுக்கு. பங்குனித் திருவிழாவில் அம்மன் சப்பரம் கதவுக்காரர் வீட்டைத் தாண்டும்போது மொத்த ஊரும் அந்த வீட்டைப் பார்த்து ஒருமுறை காட்டிவிட்டுத்தான் நகரும், காட்டாவிட்டால் சாமிகுத்தம்.

கதவுக்காரர் வீட்டில் அப்போது மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர். அக்காள் முத்திருளாயி, புருஷன் போனபிறகு பிறந்த வீட்டுக்கே வந்து முன்பக்கத்தில் மாவு மில் நடத்துகிறவள். தம்பி வேலாண்டி, ஒயர்மேன், பின்பக்கத்தில் குடியிருந்தான். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது அவன் கைதான், முக்கால் வீட்டுக்கு மாவு கொடுத்தது அவள் மில்தான், ஆனாலும் வேலை முடிந்து அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் ஒரு முஷ்டி எழும்பும், அவனுக்குத் தெரியும், திரும்பிப் பார்க்க மாட்டான்.

அந்த வருஷம் பங்குனியில், மைக் செட் பவுன்ராஜ் மேடையேறினார். விழாக் கமிட்டிச் செயலாளரும் அவரே, குழாய் ரேடியோவுக்குச் சொந்தக்காரரும் அவரே, ஆகவே கதை சொல்லும் உரிமையும் அவருக்கே. கோட்டையைக் கட்டி, ராஜாவை இறக்கி, குரலைத் தாழ்த்தி, "திறந்துவிட்டான் சடையன்" என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள், கீழ ரோட்டில், சுடுகாட்டுப் பக்கமிருந்து, இடுப்பில் ஒரு முழத்துண்டும் தோளெல்லாம் புழுதியுமாக ஒரு கிழவர் நடந்து வந்தார், கூட்டம் வழிவிட்டது, மேடைக்கு முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றார்.

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றார்.

பவுன்ராஜ் மைக்கைப் பொத்திக்கொண்டு, "பெரியவரு யாரு?" என்றார்.

"சடையன்."

"எந்தச் சடையன்?"

"நீ இப்பச் சொன்னியே, அந்தச் சடையந்தேன்."

யாரும் கூச்சல் போடவில்லை. வெயில் இன்னும் இறங்காத நேரம், கிழவருடைய கால் வெடித்து மண் அப்பியிருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது, பெரியவருக்கு ஒரு சேர் போடுங்கப்பா என்று பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். சேர் வந்தது, டீயும் வந்தது. டீயை அவர் குடிக்கவில்லை, டம்ளரின் சூட்டை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கோட்ட எங்கப்பா இருந்துச்சு இங்க? கருவேலமுள்ளுதேன் இருந்துச்சு. ராசா எதுக்கு வாராரு இந்த ஊருக்கு, குதிரைக்குக் காட்ட ஊருணியில ஒரு வாய்த் தண்ணி கெடையாது. நான் உப்பு வண்டி ஓட்டிப் பொழச்சவன். அம்புட்டு வீட்டுக்கும் முள்ளுப்படலு இருந்த காலத்துல என் வீட்டுக்கு மரக்கதவு போட்டேன், அதான் நான் செஞ்ச குத்தம். வகுத்தெரிச்சல்ல கதவுக்காரன்னாக. நான் செத்தப்பறம் அந்தக் கதவத் தூக்கிக் கோட்டையில மாட்டிவிட்டாக."

இவ்வளவையும் ஊர் மரியாதையாகக் கேட்டது. கேட்டு முடித்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "அப்ப மொட்டைவிரலு எங்கருந்து வந்துச்சு?"

"தெரியாதுப்பா. எங்கப்பன் காட்டுனான், நானும் காட்டுனேன். அவனுக்கும் தெரியாது."

இங்கேதான் கிழவர் தோற்றார். கையிலிருக்கிற கோட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் வைக்க ஒரு குடிசைகூட இல்லாமல், தெரியாது என்று வெறுங்கையை விரித்தால் எந்த ஊர் ஒப்புக்கொள்ளும்? ராஜா வந்தாரோ வரவில்லையோ, வந்தார் என்பதைக் கேட்க நன்றாக இருக்கிறது. தெரியாது என்பதைக் கேட்டுக்கொண்டு யாரால் சப்பரம் தூக்க முடியும்? ஊர் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்தது, கிழவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

பிறகுதான் தெரிந்தது, பவுன்ராஜ் என்றில்லை, யார் அந்தக் கதையைச் சொன்னாலும், எங்கே சொன்னாலும், கதவு திறந்த இடம் வந்ததும் கிழவர் வந்துவிடுவார் என்று. டீக்கடையில் சொன்னாலும் வந்தார், பாயாசம் காய்ச்சிக்கொண்டே விருந்தாளிக்குச் சொன்னாலும் அடுப்படி வாசலில் வந்து நின்றார், சோறு உண்ணமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு இடுப்பில் வைத்துச் சொன்னாலும் தெருவோரம் வந்து, அப்படியெல்லாம் இல்லம்மா, பிள்ளைக்குப் பொய் சொல்லி ஊட்டாதே என்றார். பறந்து வருவாரா, திடீரென்று தோன்றுவாரா என்றால் அதுவும் இல்லை, ஒவ்வொரு தடவையும் கீழ ரோட்டு முழுக்க நடந்துதான் வரவேண்டும், திரும்பி நடந்துதான் போகவேண்டும், பாதி வழி போனபிறகு வேறொருவன் கதை சொன்னால் பாதி வழியிலிருந்தே திரும்ப முடியாது, சுடுகாடு வரை போய்த் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும். இது யார் வைத்த சட்டம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கம் வைத்த சட்டத்தையே நாங்கள் கேட்பதில்லை.

ஊர் அவரைப் பழகிக்கொண்டது. வெயில் காலத்தில் கீழ ரோட்டில் அவருக்கென்று ஒரு தண்ணீர்ப் பானை வைத்தார்கள், குடிக்கமாட்டார் என்று தெரிந்தும் வைத்தார்கள். வெளியூர் மாப்பிள்ளை வந்தால், வாங்க உங்களுக்கு ஒரு ஆளைக் காட்டுகிறோம் என்று கதையைச் சொல்லி அவரை வரவழைத்தார்கள், மாப்பிள்ளைகள் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், படத்தில் அவர் விழுந்தார், வாயைப் பாதி திறந்தபடி. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் அவருக்குச் சால்வை போட்டார்கள், சால்வையோடு நடந்து போனவர் அடுத்த தடவை வரும்போது அதே முழத்துண்டோடுதான் வந்தார். பூசாரி விபூதி அடித்துப் பார்த்தார், கிழவர் தும்மினார், அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

அவர் வந்து வந்து மறுத்ததில் கதை தேய்ந்திருக்க வேண்டும் அல்லவா, வளர்ந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று எவன் முந்திக்கொண்டு சொல்கிறானோ அவன் வீட்டுக் குதிருக்குள்தான் அப்பன் இருப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பொய்யென்றால் இவருக்கு ஏன் உறுத்த வேண்டும், உறுத்தாவிட்டால் ஏன் செத்தும் எழுந்து வரவேண்டும், மனசாட்சி படுக்கவிடவில்லை ஐயா என்று பவுன்ராஜ் மைக்கில் உருகினார். அதுவரை கதையை அரைகுறையாக நம்பியவர்கள்கூட, கதாபாத்திரத்தையே கண்ணால் பார்த்தாயிற்று, இனி என்ன சந்தேகம் என்றார்கள்.

வேலாண்டி சும்மா இருக்கவில்லை. அலைந்து திரிந்து, கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல மனிதர், வெயிலில் கல்லுப்பொட்டல் முழுக்க நடந்து, கோட்டை இருந்ததற்கு ஒரு கல்கூட இல்லை, படை வந்ததற்கு ஒரு சாசனம்கூட இல்லை என்று கூட்டம் போட்டுச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். இந்தக் கைச்சாடை உலகத்தில் பல தேசங்களில் இருக்கிறது, இப்படிப்பட்ட சாடைகளுக்கு அங்கங்கே ஒரு ராஜாவையும் ஒரு யுத்தத்தையும் வெட்டுப்பட்ட விரலையும் சேர்த்துக் கதை கட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை என்று சேர்த்துச் சொன்னார். கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். பார்த்தீர்களா, நம்ம ராஜா அங்கேயெல்லாம் போயிருக்கிறான் என்று கை தட்டினார்கள். வேலாண்டி அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மில்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்றைக்கும் கிழவர் மில்லில்தான் இருந்தார். ஒவ்வொரு தடவை மறுப்புச் சொல்லிவிட்டுத் திரும்பும்போதும் இங்கே கொஞ்ச நேரம் மாவுச் சாக்கின்மேல் சாய்ந்துவிட்டுத்தான் போவார். முத்திருளாயி அவர் காலை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள், வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவுவாள். பெற்ற தகப்பனை அவளுக்கு நினைவில்லை, சின்னதிலேயே போய்விட்டார், இந்த வீட்டுப் பெரியவர் என்று அவள் கை பட்டுத் தொட்ட கால் இது ஒன்றுதான். அந்தக் காலின்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

"வலிக்குதா பாட்டையா?"

"வலி இல்ல தாயி. அசதி. செத்தா தூங்கலாம்னுல்ல சொன்னாக. படுக்கப் போவேன், ஒரு பய கதையச் சொல்லுவான், ஏந்திரிச்சு வரணும். கண்ண மூடி எத்தனை காலமாச்சுன்னு தெரியல."

"சொல்லிட்டுப் போறாங்கன்னு படுத்துக்கிறதுதான?"

"முடியலையே. பொய்யின்னா காலு தானா நடக்குது."

அடுத்த பங்குனிக்கு பவுன்ராஜுக்கு ஒரு யோசனை தோன்றியது, அவருக்கு யோசனை தோன்றாத வருஷம் ஊருக்கு நல்ல வருஷம். பஜாரில் தெர்மக்கோலில் கோட்டை வாசல் ஒன்று எழுப்பினார், மேலே ஆள் உயரத்துக்கு முஷ்டி, அதன் விரல்நுனியில் எரிந்து எரிந்து அணைகிற சிவப்பு பல்பு. வருஷா வருஷம் தொண்டை கட்டிக்கொள்கிறது என்பதால் கதையைப் பேசிப் பதிந்து பென் டிரைவில் ஏற்றி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடுகிற மாதிரி குழாய் ரேடியோவில் போட்டுவிட்டார். திருவிழா முடிகிற வரை நிறுத்தக்கூடாது என்று ஆளிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

சடையன் வந்தார், இல்லப்பா என்றார், போனார், வந்தார், இல்லப்பா என்றார், போனார், வந்தார். முதல் நாள் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், மறுநாள் பார்க்கவில்லை, ராட்டினத்துக்கும் ஜிகர்தண்டாவுக்கும் நடுவில் அவரும் ஒன்றாகிவிட்டார், பஜாரில் பலூன் வாங்குகிறவர்கள் அவருக்கு வழி விட்டுக்கொண்டே பேரம் பேசினார்கள். குழாய் ரேடியோவுக்கு மறுப்புச் சொன்னால் காது கேட்குமா, அவர் குழாயை அண்ணாந்து பார்த்து இல்லப்பா, இல்லப்பா என்றார். மில்லில் சாய்ந்துவிட்டுப் போக நேரம் இல்லை. ஒரு கால் இழுக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் வெயில் தாழ்கிற நேரத்தில் பஞ்சுக் கிட்டங்கி முக்கில் தடுக்கி விழுந்தார், எழுந்திருக்க முடியவில்லை, கை ஊன்றித் தவழ்ந்தார், தவழ்ந்தபடியே பஜாரை நோக்கித்தான் வந்தார்.

முத்திருளாயி ஓடினாள். முதலில் பவுன்ராஜ் வீட்டுக்குத்தான் ஓடினாள்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், அத நிறுத்துங்க. அந்த மனுசன் மண்ணுல ஊர்ந்து வாராரு."

பவுன்ராஜ் கெட்டவர் இல்லை, அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் என்ன தங்கச்சி செய்ய, ஊர்க் கதை. நிறுத்துனா பொய்யின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அவருதான் வராம இருக்கணும். சம்பந்தப்பட்ட ஆளு வந்து மறுத்துக்கிட்டே இருந்தா, நாங்களும் சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியதுதான?"

அவள் அங்கேயிருந்து நேரே மேடைக்கு வந்தாள், தலையிலும் இமையிலும் மாவு படிந்திருந்தது, மைக்கைக் கையில் எடுத்தாள். சாயங்காலக் கூட்டம் நிரம்பியிருந்தது, வேலாண்டி சீரியல் லைட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டு ஏணிமேல் நின்றிருந்தான். மேடைக்குக் கீழே கிழவர் வந்து சேர்ந்து தலையைத் தூக்கினார்.

"அம்புட்டும் நெசம்" என்றாள் முத்திருளாயி. "கோட்ட இருந்துச்சு. ராசா வந்தாரு. எங்க பாட்டையாதான் கதவத் தொறந்துவிட்டாரு. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் தெரியும், மானத்துக்குப் பயந்து மறைச்சு வச்சிருந்தோம். அந்த வம்சத்துல பெறந்தவ நான் சொல்றேன், கேட்டுக்கங்க. நெசம்."

அப்படியெல்லாம் இல்ல தாயி என்று கிழவர் வாயைத் திறந்தார்.

"போய்ப் படுங்க பாட்டையா" என்றாள். "நான் ஒத்துக்கிட்டேன். இனிமே நீங்க வந்து சொல்ல வேண்டியது ஒண்ணுமில்ல."

"அப்ப உன் பாடு?"

"நான் பாத்துக்குறேன். போங்கய்யா, கண்ண மூடுங்க."

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய் தானாகத் திறந்தது, பேச இல்லை, கொட்டாவி. பெரிய கொட்டாவி, அத்தனை காலத்துக் கொட்டாவியும் சேர்ந்து வந்தது, பார்த்துக்கொண்டிருந்த முன்வரிசை கொட்டாவி விட்டது, அதைப் பார்த்துப் பின்வரிசை விட்டது, ராட்டினத்துக்காரன் விட்டான், சப்பரம் தூக்குகிறவர்கள் தோளில் பாரத்தோடு விட்டார்கள், கோயில் மாடு விட்டது, கல்லுப்பொட்டல் மொத்தமும் கண்ணில் நீர் வர வாயைத் திறந்து மூடியது. துடைத்துக்கொண்டு பார்க்கும்போது கீழ ரோட்டில் அவர் எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தார். மேடைக்குப் பின்னால் குழாய் ரேடியோ முதலிலிருந்து கதையைத் தொடங்கியது, கதவு திறந்தது, யாரும் வரவில்லை.

வேலாண்டி ஏணியிலிருந்து இறங்கினான். அவள் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல்தான் சொன்னான். "பாட்டையா தொறக்கலக்கா. நீதான் தொறந்து விட்டுட்ட." சொல்லிவிட்டு, ஊர் முழுக்கக் காட்டியும் தன் வாழ்நாளில் ஒருத்தருக்கும் திருப்பிக் காட்டாத அவன், கையைத் தூக்கி, கட்டைவிரலை விரல்களுக்கு நடுவில் செருகி, அவள் முகத்துக்கு நேரே இரண்டு ஆட்டு ஆட்டினான். அந்த வாரமே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டான். முத்திருளாயி அழுதாள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அழுதாள், மாவு நனைந்து கன்னத்தில் ஒட்டியது.

மறு வருஷம் பவுன்ராஜ் நேரில் மேடையேறினார். கதவைத் திறந்துவிட்டு கீழ ரோட்டைப் பார்த்தார், ஊரும் பார்த்தது, சேர் போட்டு வைத்திருந்தார்கள், டீ வாங்கி வைத்திருந்தார்கள். டீ ஆறி ஆடை படிந்தது. மறுபடி ஒருமுறை கதவைத் திறந்தார், சத்தமாகத் திறந்தார். யாரோ ஒருவர், வரலையே, அப்ப பொய்யோ என்றார், சும்மா இருப்பா என்றார் பக்கத்தில் இருந்தவர், ஆனால் அவரும் யோசிக்க ஆரம்பித்தார். மறுப்பதற்கு ஆள் இருந்தவரை கல் மாதிரி நின்ற கதை, மறுக்க நாதியற்றுப் போனதும் இளகியது. கோட்டை இருந்திருந்தால் ஒரு கல்லாவது கிடைத்திருக்காதா என்று கல்லூரிக்காரர் கேட்ட கேள்வியை ஆளாளுக்குத் தாங்களே கண்டுபிடித்தது போலக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த வருஷம் கதைக்குப் பதில் பட்டிமன்றம் வைத்தார்கள், அதற்கடுத்த வருஷம் ஆடலும் பாடலும். சப்பரம் கதவுக்காரர் வீட்டை வேகமாகத் தாண்டியது, இங்கே எதற்கோ நிற்போமே, எதற்கு என்று தூக்குகிறவர்களுக்குள் ஒரு பேச்சு வந்து, பதில் வராமல் போயிற்று.

மொட்டைவிரல் மட்டும் போகவில்லை. பஸ்ஸுக்குக் காட்டுகிறோம், பங்காளிக்குக் காட்டுகிறோம், எதனால் என்று எவருக்கும் தெரியாது, தெரியவேண்டும் என்றும் இல்லை. வேலாண்டியும் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கிறான், அக்காளும் தம்பியும் எதற்குப் பேசிக்கொள்வதில்லை என்று இப்போதுள்ள ஜனங்களுக்குத் தெரியாது, சொத்துத் தகராறாக இருக்கும் என்கிறார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் கதை முழுசாகத் தெரிந்தவள் இன்றைக்கு முத்திருளாயி ஒருத்திதான். மத்தியானம் கரண்ட் போய் மில் நின்றுபோகிற நேரங்களில், அவளும் சாக்குகளும் மட்டும் இருக்கும்போது, அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு பரபரப்பு வரும். பாட்டையா, நீங்க ஜெயிச்சிட்டீக, ஊரே மறந்துபோச்சு, உங்க பேருல ஒரு களங்கமும் இல்ல, நம்ம வாசலைப் பாத்து ஒருத்தரும் கையத் தூக்குறதில்ல என்று அவரிடம் சொல்லவேண்டும். சொல்லவேண்டுமானால் அவர் வரவேண்டும், அவர் வரவேண்டுமானால் அவள் அன்றைக்கு ஒத்துக்கொண்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கோட்டையைக் கட்டி, ராஜாவை இறக்கி, அவரைக் கொண்டே கதவைத் திறக்கவைக்க வேண்டும். வாய் வரைக்கும் வரும். கீழ ரோட்டில் வெயில் காய்வது மில் வாசலிலிருந்தே தெரியும், வெடித்த காலோடு அந்தத் தூரத்தை அவர் நடக்கவேண்டும் என்று நினைப்பாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கரண்ட் வந்ததும் எழுந்து மிளகாயைக் கொட்டுவாள்.